நூறு கிலோ காபிப் பழத்தில் நாம் குடிப்பது மூன்று கிலோ, மீதி எங்கே போகிறது?

காபிக் கழிவைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார், கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. ‘ஃபில்டரில் மிஞ்சும் சக்கையைத் தினமும் மாடித் தோட்டத்து ரோஜாவுக்கும் கறிவேப்பிலைக்கும் போடுகிறேன், சரியா’ என்பது ஒன்று. காபித் தொழிலில் மொத்தமாக எவ்வளவு வீணாகிறது, அதை யாராவது உருப்படியாகப் பயன்படுத்துகிறார்களா என்பது இன்னொன்று. முதலாவதை முடித்துவிட்டு இரண்டாவதுக்குப் போகிறேன், சரக்கு அங்கேதான் அதிகம்.

சக்கையைப் பச்சையாக, தினமும், நேராகத் தொட்டியில் கொட்டாதீர்கள். செடிக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் 2016இல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் ப்ரோக்கோலி, முள்ளங்கி, சூரியகாந்தி உட்பட ஐந்து வகைச் செடிகளுக்குக் காபிச் சக்கையை நேரடியாக மண்ணில் கலந்து பார்த்தார்கள். மண் ஈரத்தை நன்றாகப் பிடித்துவைத்தது, களையும் குறைந்தது, ஆனால் வைத்த செடியின் வளர்ச்சியும் சேர்ந்து படுத்துவிட்டது, உரம் போட்டுப் பார்த்தும் தேறவில்லை. சக்கையில் கொஞ்சம் காஃபீன் தங்கியிருக்கும், கூடவே சில கசப்புச் சத்துகளும் இருக்கும், இவை பக்கத்தில் முளைக்கும் எதையும் அடக்கத்தான் பார்க்கும். அதோடு அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தங்களுக்கு எடுத்துக்கொள்ளும். மேலாகத் தூவினால் காய்ந்து ஒரு ஓடு மாதிரி இறுகித் தண்ணீரை உள்ளே விடாது. ரோஜாவுக்குப் புளிப்பு மண் வேண்டும், காபி புளிப்பு, அதனால் போடு என்ற கணக்கும் தப்பு. புளிப்பில் பெரும்பகுதி டிகாக்‌ஷனோடு இறங்கிவிடுகிறது, மிஞ்சும் சக்கை லேசான அமிலத்தன்மையோடு நிற்கும், அவ்வளவுதான்.

மட்க வைத்துப் போட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. உரத்தொட்டியில் மொத்த அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காபிச் சக்கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மீதி காய்ந்த இலை, தென்னைநார்க் கழிவு, காய்கறித் தோல். நம் வீட்டுத் தூளில் சிக்கரியும் இருக்கும் (49 சதவீதம் வரை கலக்கச் சட்டமே அனுமதிக்கிறது, பாக்கெட்டில் போட்டிருப்பார்கள், படித்துப் பாருங்கள்). சிக்கரியில் காஃபீன் கிடையாது, அதனால் அந்தச் சக்கை சுத்தக் காபிச் சக்கையைவிடச் சாது, ஆனால் பிசுபிசுப்பு அதிகம், கட்டியாக விழும். ஃபில்டரின் மேல் பாத்திரத்தைக் கவிழ்த்துத் தட்டினால் வட்டமாக வில்லை போல விழுகிறதே, அதை விரலால் உதிர்த்துவிட்டுப் போடுங்கள். இரண்டாவது டிகாக்‌ஷன் போடும் வீடு என்றால் இன்னும் நல்லது, காஃபீன் அதில் கொஞ்சம் கழன்றுவிடும். மூன்றாவது டிகாக்‌ஷன் போடுகிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

சரி, இப்போது தொழிலுக்கு வருவோம்.

கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். நூறு கிலோ பழுத்த அராபிகா பழம் பறித்தால், தோல், சதை, வழவழப்பு, மேலோடு எல்லாம் போய்ச் சுமார் 17 கிலோ பச்சைக்கொட்டை தேறும். அதை வறுத்தால் ஈரமும் புகையுமாக 15 சதவீதத்துக்கு மேல் எடை போகும், கையில் 14 கிலோ நிற்கும். அந்தத் தூளில் வெந்நீரில் கரைந்து டம்ளருக்கு இறங்குவது ஐந்தில் ஒரு பங்குதான். ஆக நூறு கிலோ பழத்தில் நம் வயிற்றுக்குள் போவது மூன்று கிலோவுக்குக் கிட்டே. பழத்தில் பாதிக்கு மேல் வெறும் தண்ணீர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு மிகைப்படுத்தினது ஆகிவிடும். ஆனாலும் விஷயம் மாறாது: நாம் வீட்டில் தட்டிக் கொட்டுகிற சக்கை, மொத்தக் கழிவில் சின்னத் துண்டு. பெரிய குவியல் மலையிலேயே விழுந்துவிடுகிறது, நாம் பார்ப்பதில்லை.

தமிழ்நாட்டில் அது விழும் இடங்கள் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஏற்காடு, கூடலூர், வால்பாறைப் பக்கம். நாட்டு உற்பத்தியில் நம் பங்கு சுமார் 5 சதவீதம்தான், கர்நாடகம் மட்டும் 70 சதவீதம், ஆனால் நம் மலைகளில் விளைவது பெரும்பாலும் அராபிகா, அதில் நல்ல பகுதியைப் பல்பரில் (பழத்தோலை உரிக்கும் இயந்திரம்) போட்டு ஈரமுறையில் பதப்படுத்துகிறார்கள். பறித்த அன்றைக்கே பழத்தைப் பல்பரில் விட்டுத் தோலும் சதையும் உரிக்க வேண்டும், உரித்த கொட்டையின் மேல் ஒரு வழவழப்பு ஒட்டிக்கொண்டிருக்கும், அதைத் தொட்டியில் ஒரு நாள், குளிர் அதிகமானால் ஒன்றரை நாள் புளிக்க வைத்துக் கழுவினால்தான் போகும், பிறகு களத்தில் காய வேண்டும். இதில் இரண்டு கழிவு வருகிறது. ஒன்று சதையோடு சேர்ந்த தோல், பழத்தின் எடையில் நாற்பது சதவீதத்துக்கு மேல். இன்னொன்று கழுவிய தண்ணீர்.

தோலைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள், நான் தண்ணீரைத்தான் முதலில் சொல்வேன். கழுவின தண்ணீர் பார்க்கப் பழுப்பாக, கொஞ்சம் நுரையாக இருக்கும், விஷம் ஒன்றும் கிடையாது, முழுக்கச் சர்க்கரையும் பெக்டினும்தான். அதுதான் ஆபத்து. ஓடையில் விட்டால் பாக்டீரியா அந்தச் சர்க்கரையைத் தின்று பெருகி நீரிலிருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும், மீன் செத்து மிதக்கும், கீழே ஊர்க்காரர்கள் குடிக்கிற தண்ணீர் புளித்து நாறும். ஊர்ச் சாக்கடைத் தண்ணீருக்கு லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் என்று வரும் ஆக்சிஜன் தேவை, பல்பர் தண்ணீருக்கு ஆயிரக்கணக்கில் வரும். இதற்குப் பழைய வழி, அடியில் களிமண்ணோ தார்ப்பாயோ போட்ட குட்டையில் விட்டு, சுண்ணாம்பு சேர்த்துப் புளிப்பை முறித்து, நாள்கணக்கில் தேக்கி, தெளிந்ததைப் பாசனத்துக்கு விடுவது. வேலை செய்யும், ஆனால் இடம் வேண்டும், மழை நேரத்தில் நிரம்பி வழியக்கூடாது, சுண்ணாம்பு போட ஆள் மறக்கக்கூடாது. மறந்துவிட்டால் அடுத்த வாரம் மூக்கே சொல்லிக்கொடுத்துவிடும்.

இதைவிட நல்ல வழி, முடிந்தவரை தண்ணீரையே தொடாமல் இருப்பது. கொலம்பியாவில் காபி ஆராய்ச்சி நிலையமான செனிகாஃபே 1990களில் பெகோல்சுப் என்று ஒரு இயந்திரத்தைக் கொண்டுவந்தது. பழைய முறையில் ஒரு கிலோ காய்ந்த கொட்டைக்கு நாற்பது லிட்டர் வரை செலவான இடத்தில் அது ஒரு லிட்டர் அளவுக்குக் குறைத்தது. தோலைத் தண்ணீர் இல்லாமலே உரித்து, வழவழப்பைப் புளிக்க வைக்காமல் இயந்திரத்திலேயே தேய்த்து எடுத்து, கெட்டியான அந்தக் கூழைத் தோலோடு சேர்த்துவிடும். இங்கேயும் இந்த மாதிரி இயந்திரங்கள் வந்துவிட்டன, கழுவின தண்ணீரையே திரும்பச் சுற்றிவிடுகிற தோட்டங்களும் இருக்கின்றன. புளிக்க வைத்தால்தான் ருசி என்று சாதிக்கிறவர்கள் உண்டு, சண்டை ஓயாது. என்னைக் கேட்டால், சின்ன விவசாயிக்குத் தொட்டி இல்லை, குட்டை இல்லை, சுண்ணாம்புக்கு ஆள் இல்லை என்றால் அவர் பழத்தை அப்படியே தோலோடு களத்தில் காயவைத்து, ‘செரி’ என்ற பேரில் விற்பதே ஓடைக்கு நல்லது. விலை கொஞ்சம் குறையும், அதை மறைக்க முடியாது.

தோலுக்கு வருவோம். பல்பர் கொட்டகைக்குப் பின்னால் ஜனவரியில் போய்ப் பார்த்தால் தெரியும்: மேலே செந்நிறமாக இருக்கிற குவியல், ஒரு மண்வெட்டி உள்ளே விட்டால் கறுப்பு, ஆவி பறக்கும், காடி வாசம் முகத்தில் அடிக்கும், பழ ஈ மொய்க்கும். அப்படியே விட்டால் அடியில் காற்றுப் போகாமல் அழுகி மீத்தேன் வரும், மழையில் கரைந்து அதுவும் ஓடைக்குத்தான் போகும். இதையே மாட்டுச்சாணம், சருகு, கொஞ்சம் சுண்ணாம்பு, ராக் பாஸ்பேட் என்று அடுக்கடுக்காகப் போட்டு, சில வாரத்துக்கு ஒரு தடவை கிளறிவிட்டால், சில மாதங்களில் கையில் பொலபொலவென்று உதிரும் எருவாகிவிடும். தோலில் பொட்டாஷ் அதிகம். அதே தோலைத் தூக்கி எறிந்துவிட்டு, வெளிநாட்டிலிருந்து வரும் பொட்டாஷைக் காசு கொடுத்து வாங்கி அதே காபிச் செடிக்குப் போடுகிற தோட்டங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். கீழ்ப்பழனி மலையில் காபிக்கு நடுவே விருப்பாச்சி மலைவாழை இருக்கும், மிளகுக்கொடி இருக்கும், ஆரஞ்சு இருக்கும். வாழைக்குப் பொட்டாஷ் கொடுத்தால் தார் எப்படி இருக்கும் என்று அங்கே யாருக்கும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. மண்புழு விடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும், பச்சைத் தோலில் புழுவை விட்டால் சூட்டிலேயே செத்துவிடும். பாதி மட்கிச் சூடு ஆறின பிறகுதான் விட வேண்டும்.

இதைவிடச் சோம்பேறித்தனமான வழி ஒன்று கோஸ்டா ரிகாவில் வேலை செய்தது, அது எனக்கு மிகவும் பிடித்த கதை. தெற்கே கோட்டோ புரூஸ் பகுதியில், முன்பு காபியும் பிறகு மாட்டு மேய்ச்சலுமாக இருந்து பாழான நிலத்தில், 35க்கு 40 மீட்டர் இடத்தில் 30 டிப்பர் லாரி காபித் தோலை அரை மீட்டர் கனத்துக்குக் கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பக்கத்தில் அதே அளவு இடத்தை ஒன்றும் செய்யாமல் விட்டார்கள். இரண்டு வருடத்தில் தோல் கொட்டின இடத்தில் 80 சதவீதம் மரக்கிளை மூடியிருந்தது, விட்ட இடத்தில் 20 சதவீதம். அங்கே மரக்கன்று எழும்ப விடாமல் தடுத்துக்கொண்டிருந்தது வெளிநாட்டு மேய்ச்சல் புல். தோல் குவியல் அதன் மூச்சை அடக்கி, வேரோடு சூட்டில் வேகவைத்துவிட்டது, மட்கின பிறகு காற்றும் பறவையும் கொண்டுவந்த விதைக்கு வளமான மண் தயார். 2021இல் ஆய்வாக வெளியிட்டார்கள். ஆனால் இதை இங்கே சரிவான மலையில், ஓடைக்கு மேலே போய்ச் செய்யாதீர்கள், முதல் மழைக்கே எல்லாம் இறங்கிவிடும். மேட்டுநிலத்தில், சமதரையில் செய்தால்தான்.

தோலைக் குடிப்பதும் உண்டு. ஏமனில் கிஷிர் என்று காய்ந்த காபித் தோலை இஞ்சி போட்டுக் கொதிக்கவைத்து நெடுங்காலமாகக் குடிக்கிறார்கள், எத்தியோப்பியாவிலும் உண்டு. இப்போது கஸ்காரா என்ற பேரில் கடைகளில் விற்கிறார்கள், ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில்தான் உணவாக அனுமதித்தது. உலர்ந்த திராட்சையும் புளியும் கலந்த மாதிரி ஒரு ருசி, நன்றாகவே இருக்கும். ஆனால் குடிக்கிற தரத்துக்குத் தோல் வேண்டுமென்றால் பழுத்த பழத்தை மட்டும் பறித்து, மருந்து அடிக்காமல், உரித்த உடனே மெல்லிசாகப் பரப்பி, பூஞ்சை பிடிக்காமல் காயவைக்க வேண்டும். கொட்டையே களத்துக்கு இடம் தேடும் பருவத்தில் தோலுக்கு யார் இடம் கொடுப்பார்கள்? குவியலில் ஒரு கைப்பிடி இப்படித் தேறும், குவியலையே தீர்த்துவிடும் என்று நினைக்காதீர்கள். மாட்டுக்கும் அப்படித்தான், காஃபீனும் டானினும் இருப்பதால் தீவனத்தில் கொஞ்சமாகக் கலக்கலாம், அதிகமானால் மாடே ஒதுக்கிவிடும்.

ஒரு மிச்சத்தை மட்டும் விட்டுவைக்கவே கூடாது, அது செடியிலும் தரையிலும் தங்கும் பழம். காபிக்காய்த் துளைப்பான் வண்டு இந்தியாவில் முதலில் 1990இல் நம் கூடலூர்ப் பக்கம்தான் கண்ணில் பட்டது, அங்கிருந்து பரவியது. அறுவடை முடிந்து கிளையிலும் சருகுக்கு அடியிலும் கிடக்கும் கொட்டைக்குள் அது உட்கார்ந்துகொண்டு அடுத்த காய்ப்புக்குக் காத்திருக்கும். அதனால் கடைசிப் பறிப்பு முடிந்ததும் ஆள்விட்டு உதிரியெல்லாம் பொறுக்கச் சொல்கிறார்கள், பறிக்கும்போதே அடியில் படுதா விரிக்கச் சொல்கிறார்கள், பூச்சி விழுந்ததைக் கொதிக்கும் நீரில் இரண்டு மூன்று நிமிடம் முக்கிவிட்டுக் காயவைக்கச் சொல்கிறார்கள். கூலி கட்டாது என்று விடுகிறவர்கள் அடுத்த வருடம் பத்துப் பழத்தில் எத்தனை ஓட்டை என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

மலையிலிருந்து இறங்கிக் க்யூரிங் ஆலைக்கு (காய்ந்த கொட்டையின் ஓட்டை நீக்கித் தரம் பிரிக்கும் இடம்) வந்தால் வீண் என்பது ரொம்பக் குறைவு. கொட்டையின் மேலுள்ள பார்ச்மென்ட் ஓடு காய்ந்தது, லேசானது, நன்றாக எரியும்; உலர்த்தியிலும் செங்கல் சூளையிலும் எரிக்கிறார்கள், அழுத்திக் கட்டியாக்கியும் விற்கிறார்கள். பிறகு தரம் பிரிப்பது. உடைந்தது, கறுத்தது, பழுப்படித்தது எல்லாம் பிபிபி என்று ஒரு தரமாகத் தனியே போகும். இதை யாரும் கொட்டுவதில்லை, உள்நாட்டுச் சந்தையில் குறைந்த விலைக்குப் போய்த் தூளாகிறது. நம் நாட்டுக் காபியில் பெரும்பகுதி ஏற்றுமதி, மிஞ்சும் பிபிபி கறுக்க வறுத்து, சிக்கரியோடு கலந்து நமக்கு. கழிவைக் குறைப்பதில் இதைவிடத் திறமையான ஏற்பாடு எங்கேயும் இல்லை, ருசியைப் பற்றிக் கேட்காதீர்கள்.

வறுக்கும்போது கொட்டையிலிருந்து வெள்ளித்தோல் என்கிற மெல்லிய சருகு பறக்கும். எடை ஒன்றுமில்லை, ஆனால் புகைக்குழாயில் சேர்ந்தால் ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும், அதனால் தினமும் எடுத்தே ஆக வேண்டும். கோழிப்பண்ணைத் தரைக்கும் உரத்தொட்டிக்கும் ரொம்ப நல்லது, பக்கத்து வறுவல் கடையில் கேட்டால் இலவசமாகவே ஒரு சாக்கு கொடுப்பார்கள்.

இன்ஸ்டன்ட் காபித் தொழிற்சாலையில் ஒரு கிலோ பொடிக்குச் சுமார் இரண்டு கிலோ ஈரச் சக்கை விழும். அதைப் பிழிந்து, உலர்த்தி, பாய்லரில் போட்டு, வரும் நீராவியில் அடுத்த காபியைக் காய்ச்சுகிறார்கள். நெஸ்லே உலகம் முழுக்கப் பல ஆலைகளில் இதைச் செய்கிறது. உலர்ந்த சக்கையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் எண்ணெய் இருக்கிறது, விறகைவிடச் சூடு கொடுக்கும். பத்திரிகையில் பெரிதாக வராத, அழகில்லாத ஏற்பாடு, ஆனால் காபிச் சக்கையை உலகத்திலேயே அதிகமாகத் தீர்க்கிறவை இந்த மாதிரி பாய்லர்கள்தான் என்பது என் அபிப்பிராயம். காரணம் சாதாரணம்: சக்கை விழும் இடமும் எரியும் இடமும் ஒரே காம்பவுண்டு.

நகரத்தில் கடை கடையாகச் சிதறிக் கிடக்கும் சக்கைக்கு இந்த வசதி இல்லை. லண்டனில் பயோ-பீன் என்று ஒரு நிறுவனம் 2013இல் ஆரம்பித்தது. காபிக் கடைகளிலிருந்து சக்கையைச் சேகரித்து உலர்த்தி அடுப்புக்கு எரிகட்டை செய்தார்கள், 2017இல் அதிலிருந்து எடுத்த எண்ணெயைக் கலந்த டீசலில் லண்டன் பஸ் ஓடியது, உலகமே எழுதியது. 2023இல் நிறுவனம் திவாலாகி மூடிவிட்டது. ஒரு கம்பெனி மூடுவதற்கு நூறு காரணம் இருக்கும், ஆனால் அடிப்படைக் கணக்கு எப்போதுமே இடித்துக்கொண்டுதான் இருந்தது: ஈரச் சக்கையில் பாதிக்கு மேல் தண்ணீர். அந்தத் தண்ணீரை லாரியில் ஏற்றி, நெரிசலில் ஓட்டி, பிறகு எரிபொருள் செலவழித்து ஆவியாக்க வேண்டும். பெர்லினில் காஃபீஃபார்ம் என்பவர்கள் 2015லிருந்து சக்கையில் கோப்பை செய்து விற்கிறார்கள், அழகாக இருக்கும், விலையும் அழகாக இருக்கும். ஆஸ்திரேலியாவில் ஆர்எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 2023இல் சக்கையை ஆக்சிஜன் இல்லாமல் 350 டிகிரியில் கரியாக்கி, கான்கிரீட்டில் 15 சதவீத மணலுக்குப் பதிலாகச் சேர்த்தபோது கான்கிரீட்டின் வலு சுமார் 30 சதவீதம் கூடியது. ஆற்றுமணலுக்கு இங்கே இருக்கிற தட்டுப்பாட்டுக்கு ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு பாலத்துக்கு வேண்டிய மணலையும் ஒரு நகரத்தில் விழும் சக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது எவ்வளவு என்று புரியும்.

அதனால் கடையோ மெஸ்ஸோ நடத்துகிறவர்கள் இதைப் படித்தால், தூரத்துத் திட்டங்களுக்குக் காத்திருக்காமல் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் யார் வாங்குவார்கள் என்று பாருங்கள். சிப்பிக் காளான் போடுகிறவர்கள் வைக்கோலோடு கலக்க வாங்குவார்கள், டிகாக்‌ஷன் இறக்கும் வெந்நீரில் சக்கை ஏற்கெனவே ஓரளவு சுத்தமாகிவிடுவது அவர்களுக்குச் சௌகரியம், ஆனால் அன்றன்றைக்கே கொடுக்க வேண்டும், நம் ஊர் வெயிலில் ஒரு நாள் மூடிவைத்தால் மறுநாள் பச்சைப் பூஞ்சை பூத்துவிடும், அதை அவர்கள் கையால் தொடமாட்டார்கள். நர்சரிக்காரர்கள் கொஞ்சம் பழசானாலும் எருக்குழிக்கு எடுத்துக்கொள்வார்கள். பால் கலந்த கழிவை இதோடு சேர்க்காதீர்கள், நாற்றம் பிடித்தால் யாருமே வரமாட்டார்கள். கழுவுகிற தொட்டியில் சக்கையைத் தள்ளிவிடுவதும் வேண்டாம், குழாய் வளைவில் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து கல்லாக இறுகிவிடும், ப்ளம்பர் கூலி சக்கை விலையைவிட அதிகம்.

கப் விஷயம் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பேப்பர் கப் என்பது உள்ளே பிளாஸ்டிக் பூசின கப், அதனால்தான் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் போட்ட தடையில் அதுவும் சேர்ந்திருக்கிறது, நடைமுறையில் எந்தத் தெருவில் நின்றாலும் கையில் அதுதான் இருக்கிறது. கடைக்காரரைக் கேட்டால் டம்ளர் கழுவ ஆள் கிடைப்பதில்லை என்பார், அது பொய்யில்லை. கும்பகோணம் டிகிரி காபி என்று போர்டு போட்டு நெடுஞ்சாலை நெடுக நிற்கும் கடைகள் பித்தளை டபரா டம்ளரைக் காட்டியே கூட்டம் சேர்த்துக் கழுவவும் ஆள் வைத்திருக்கிறார்கள், ஆக வாடிக்கையாளர் கேட்டால் ஆள் கிடைக்கும் போலிருக்கிறது.